ஒரு ஹாலும் அதன் பச்சையும்: வீட்டு உள்நிறம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு வயதைத் தொடும் குழந்தை, கணவரின் தாயார் என நான்கு பேர். தாயாருக்கு 68 வயது. இரண்டு கண்களிலும் கண்புரை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். அறுவை சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பகலில் பெரும்பாலும் அவரும் குழந்தையும்தான் ஹாலில் இருப்பார்கள். அந்த ஹாலின் நிறத்தோடு அதிக நேரம் வாழ்வது அவர்கள் இருவரும்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாலுக்கு ஒரே ஜன்னல். பெரியது, மேற்குப் பார்த்தது. அதை ஒட்டி வெளியே அடர்ந்த மரம் ஒன்று, கிளைகள் கம்பியைத் தொடும் அளவுக்கு. படுக்கையறைக்குக் கிழக்கு ஜன்னல். அதற்கு வெளியே மறைப்பு எதுவும் இல்லை. இரண்டையும் இணைக்கும் பாசேஜில் ஜன்னலே கிடையாது.

வீடு பல வருடம் வெள்ளையாகவே இருந்தது. மனைவி தோட்டமுள்ள வீட்டில் வளர்ந்தவர். மாடி வீட்டின் வெள்ளைச் சுவர் அவருக்கு ஒட்டவில்லை, பச்சை வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கடையில் ஷேடு கார்டைப் புரட்டி, மஞ்சள் சாயல் கலந்த துடிப்பான தளிர்ப்பச்சை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தை கிறுக்கினால் துடைக்க வேண்டுமே என்று லேசாகப் பளபளக்கும் சாட்டின் ஃபினிஷ் எடுத்தார்கள். ஹாலின் நான்கு சுவருக்கும் இரண்டு கோட். கடையிலேயே சுவர் நிறத்தோடு வைத்துப் பார்த்து அதே பச்சையில் திரைச்சீலை. ஜன்னல் ஓரத்திலும் பாசேஜிலும் வரிசையாகத் தொட்டிச் செடிகள்.

என் வேலை வீட்டு உள்ளலங்கார ஆலோசனை. பெயிண்ட் காய்ந்து சில வாரங்கள் ஆன பிறகு என்னை அழைத்தார்கள்.

## என்ன புகார்

ஆளுக்கு ஒரு குறை சொன்னார்கள். கேட்கும்போது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது போலத்தான் இருந்தது.

கார்டில் பார்த்த நிறம் இதுவே இல்லை, கடையில் தவறாகக் கலந்துவிட்டார்கள் என்பது மனைவியின் சந்தேகம். கணவருக்குச் செங்கல் நிற சோபாதான் உறுத்தியது. முன்பு அடக்கமாக இருந்த சோபா இப்போது சிவப்பாகக் கண்ணைக் குத்துகிறது, மறுபடி வெள்ளையே அடித்துவிடலாம் என்றார். கடையில் அச்சாகப் பொருந்திய திரைச்சீலை இரவில் பழுப்படித்துப் போய்த் தெரிந்தது. வெள்ளை சீலிங்கில் ரோஜா நிறம் ஏறிவிட்டதோ என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரையும் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

தாயார் சொன்னதுதான் எனக்கு அதிகம் உதவியது. மருமகளிடம் அவர் சொன்னது: "சாயங்காலம் ஆனா குளத்துக்கு அடியில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்மா. வெளிச்சம் இருக்கு, ஆனா ஒண்ணும் தெளிவாத் தெரியல."

"அத்தை, வெள்ளையா இருந்தப்பவும் மரம் இருந்துச்சே" என்றார் மருமகள். சரியான கேள்வி. அதற்கு விடை தேடப் போனதில்தான் மற்றக் குறைகளுக்கும் காரணம் கிடைத்தது.

நேரில் வருவதற்கு முன்பே கைபேசிப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். அவற்றில் சுவர் மென்மையான சாம்பல் பச்சையாக, அழகாகவே இருந்தது. கைபேசிக் கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானாகவே திருத்திக்கொள்ளும். படம் முழுக்கப் பச்சையாக இருந்தால் அதை ஒளியின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு பச்சையைக் குறைத்துவிடும். முகங்களில் இளஞ்சிவப்பைக் கூட்டிவிடும். பச்சை அறை ஒன்றைப் படத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது என்பதால் நேரில் பார்த்த பிறகுதான் கருத்து சொன்னேன்.

## பார்த்தது

காலை, மதியம், மாலை, விளக்கு போட்ட பின் என்று ஹாலை வெவ்வேறு வேளைகளில் பார்த்தேன். கையில் ஒரு வெள்ளைத்தாள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி தேவைப்படவில்லை. தாளை ஜன்னலருகே பிடித்தாலே லேசான பச்சை. அறை நடுவில் இன்னும் கூடுதல். சோபாவுக்குப் பின்னால் இரண்டு சுவர் சேரும் மூலையில் பிடித்தால் தாள் பச்சைக் காகிதமாகவே தெரிந்தது.

முதல் காரணம் மரம். இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில்தான் கணிசமான பகுதி தெறித்தும் ஊடுருவியும் வெளியே வருகிறது. அடர்ந்த இலைக்கூட்டத்தின் வழியாக ஹாலுக்குள் வந்து சேரும் ஒளி, சுவரைத் தொடும் முன்பே பச்சையாகிவிடுகிறது. மேற்கு ஜன்னல் என்பதால் பிற்பகல் வெயில் மரத்தின் மறுபக்கத்திலிருந்து அடித்து, இலைகளை ஊடுருவி வரும். அந்த நேரத்தில்தான் தாயாருக்கு அதிகச் சிரமம்.

இரண்டாவது, சுவர்களே ஒன்றுக்கொன்று நிறம் கொடுத்துக்கொள்வது. பச்சைச் சுவரில் பட்ட ஒளி சிவப்பையும் நீலத்தையும் கொஞ்சம் இழந்துவிட்டு எதிர்ச் சுவருக்குப் போகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் இழக்கிறது. நான்கு சுவரும் ஒரே பச்சையாக இருந்தால் ஒவ்வொரு தெறிப்பிலும் நிறம் ஏறிக்கொண்டே போகும். ஷேடு கார்டின் சின்னச் சதுரத்தில் இது நடக்க வழியில்லை. அதைச் சுற்றி வெள்ளைக் காகிதம் அல்லவா இருக்கிறது! கடைக்காரர் கலவையில் பிழை செய்யவில்லை. மீதமிருந்த டின்னிலிருந்து ஒரு துண்டு அட்டையில் பூசி, காய்ந்ததும் கார்டோடு வைத்துக் காட்டினேன், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மனைவிக்கு அதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

வெள்ளையாக இருந்தபோது மரத்தின் பச்சையைச் சுவர்கள் நீர்க்கச் செய்தன. தளிர்ப்பச்சை அதைப் பெருக்கியது. மருமகளின் கேள்விக்கு இதுதான் பதில்.

சோபாவும் சீலிங்கும் வேறு கணக்கு. ஒரு நிறத்தை நெடுநேரம் பார்க்கும் கண், அதன் எதிர்நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றிப் பார்க்கும். பிரான்ஸின் கொப்லான் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரூல், 1839இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். சாயம் மங்கிவிட்டது என்று வந்த புகார்களை ஆராய்ந்தபோது, பல இடங்களில் குறை சாயத்தில் இல்லை, அருகில் வைத்த நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் செங்கல் நிறம் சிவப்பு கூடித் தெரிவதும், வெள்ளை சீலிங் இளஞ்சிவப்பு அடிப்பதும் இதனால்தான். சோபாவை மாற்றத் தேவையில்லை என்று கணவரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அப்புறம் விளக்குகள். ஹாலில் இருந்தவை எல்லாம் 6500 கெல்வின் கூல் டேலைட் எல்.இ.டி. கெல்வின் என்பது வெள்ளை ஒளியின் சாயலைக் குறிக்கும் எண்: கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்ததில், நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 80க்கு மேல் என்று மட்டும் போட்டிருந்தது. இந்த வகை பல்புகளில் அடர் சிவப்பு குறைவாக இருப்பது வழக்கம். மனிதத் தோல் தெளிவாகத் தெரிய அந்தச் சிவப்புதான் வேண்டும். சுவரிலிருந்து பச்சை தெறிக்கிறது, பல்பிலோ சிவப்பு போதவில்லை. உறவினர்கள் உடல்நலம் விசாரித்தது இதனால்தான். திரைச்சீலைக்கும் இதுவே விளக்கம்: துணிச் சாயமும் பெயிண்ட் நிறமியும் வேதியியலில் வேறு. ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு பச்சைகள் இன்னோர் ஒளியில் பிரிந்துவிடும். கடை விளக்கில் பொருத்திப் பார்த்து வாங்கிய துணிக்கு வீட்டு விளக்கில் எந்த உத்தரவாதமும் இல்லை.

சாட்டின் ஃபினிஷின் பளபளப்பில் ஜன்னல் பிம்பம் சுவரில் தெரிந்தது. கண்புரை உள்ளவருக்கு இப்படிப்பட்ட சிதறல் ஒளி கூடுதல் தொந்தரவு. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, நீல ஒளியைத் தடுக்கிறது. பாவையும் சுருங்குகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு வந்து சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். தாயார் "ஒண்ணும் தெளிவாத் தெரியல" என்றது மிகை அல்ல. வீட்டில் மற்றவர்கள் அதைப் பழக்கமின்மை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

## ஜன்னல் சட்டத்தில் இருந்த பழைய பச்சை

ஹால் ஜன்னலின் மரச்சட்டம் கட்டடத்தின் வயதுடையது. அதிலும் ஒரு பச்சை, கரும்பச்சை எனாமல், பல அடுக்கு. அடிப்பக்கம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அதன் மேல்தான் குழந்தை கை வைத்து நின்று மரத்தைப் பார்க்கும். புகார்ப் பட்டியலில் யாரும் சொல்லாத விஷயம் இது. என்னைப் பொறுத்தவரை அந்த வீட்டில் உடனே கவனிக்க வேண்டியதும் இதுதான்.

பழைய எண்ணெய் எனாமல்களில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை ஆகியவற்றுக்கு ஈயக் குரோமேட் நிறமி பரவலாகப் பயன்பட்டது. அந்த மஞ்சளோடு பிரஷ்யன் நீலம் சேர்த்தால் கரும்பச்சை கிடைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இப்போது பல நாடுகள் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பு வருவதற்கு முன்பு பூசியது ஜன்னல் சட்டத்திலேயே கிடக்கிறது.

சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது சட்டத்துக்கும் உப்புத்தாள் போட ஆரம்பித்து, நேரமில்லாமல் பாதியில் விட்டிருந்தார்கள். பாதியில் நின்றது நல்லதாயிற்று. காய்ந்த நிலையில் தேய்த்தால் கிளம்பும் தூசுதான் ஆபத்து.

செதில் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன். முடிவு வரும்வரை குழந்தையை ஜன்னலருகே விடாமல், தரையை ஈரத்துணியால் மட்டும் துடைத்து, துடைப்பத்தைத் தவிர்க்கச் சொன்னேன். ஈயம் இருப்பதாகவே அறிக்கை வந்தது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொன்னார், செய்தார்கள். முடிவு குறித்துக் கவலைப்பட ஏதுமில்லை என்று மருத்துவர் கூறியதாகத் தெரிவித்தார்கள்.

இந்தச் சமயத்தில் கணவர், பச்சை என்றாலே விஷம் என்று எங்கோ படித்ததாகவும், சுவரில் இருப்பதையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். அவர் படித்தது பொய்யல்ல. 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை உருவாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் அது போன்ற ஆர்செனிக் பச்சைகள் சுவர்த்தாள்களில் ஏராளமாகப் புழங்கின. ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்தால் அவற்றிலிருந்து ஆர்செனிக் வாயு கிளம்பும் என்பதும் பின்னால் தெரியவந்தது. இப்போது சுவர் எமல்ஷனில் பச்சைக்குப் பயன்படுவது பெரும்பாலும் தாலோசயனின் என்ற செயற்கை நிறமி, அல்லது குரோமியம் ஆக்சைடு. பழைய ஆர்செனிக்கோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. சுவரைச் சுரண்ட வேண்டாம், சட்டத்தை மட்டும் முறையாகப் பார்ப்போம் என்று முடிவானது.

## முடிவுகளும் காரணங்களும்

மரம். கிளைகளை வெட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்றார் கணவர். நான் வேண்டாம் என்றேன். பிற்பகல் வெயிலை அந்த மரம்தான் தடுக்கிறது. அதைவிடவும், மனைவி தேடியது எதுவோ அது ஏற்கெனவே ஜன்னலில் நிற்கிறது. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 46 பேரின் பதிவேடுகள்தான், சிறிய ஆய்வு. ஆனால் அதில் பேசப்பட்டது மரம், பெயிண்ட் அல்ல. பச்சைச் சுவர் மனதை அமைதிப்படுத்தும் என்று எவ்வளவோ சொல்லப்படுகிறது. அந்த ஹாலில் அமைதி தரக்கூடிய பச்சை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. சுவரின் வேலை அதோடு போட்டி போடாமல் இருப்பது.

விளக்கு முதலில். பெயிண்டைத் தொடும் முன்பு ஹால் பல்புகளை 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று மாற்றினோம். 2700 வார்ம் ஒயிட் போட்டால் நீலச் சாயலுள்ள பச்சைகள் மங்கிப் பழுப்பாகும், தளிர்ப்பச்சை மஞ்சளுக்குச் சாயும். 6500இன் குறையைத்தான் பார்த்தாயிற்றே. இடைப்பட்ட 4000இல் பச்சையும் பச்சையாகவே இருக்கும், தோல் நிறமும் கெடாது. விளக்கு மாறிய அன்று இரவே பாதிப் புகார் குறைந்தது. சோபா அடங்கியது. திரைச்சீலை மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

மாதிரிப் பலகைகள். புது நிறங்களைச் சுவரில் நேரடியாகத் திட்டுத் திட்டாகப் பூசிப் பார்க்க விடவில்லை. பழைய பச்சையின் நடுவில் எந்தத் திட்டும் சாம்பலாகவோ சிவப்பாகவோதான் தெரியும். பெரிய அட்டைகளில் ஓரம் வெள்ளையாக விட்டு இரண்டு கோட் பூசி, ஒரே நிறத்தில் இரண்டு அட்டைகளை மூலையில் செங்கோணமாக நிறுத்தினோம். நிறம் எவ்வளவு ஏறும் என்பதை அந்த மூலை காட்டிவிடும். சுவர்ச் சுவராக நகர்த்தி, வேளைக்கு வேளை பார்த்தார்கள். கார்டில் பார்த்து "இது சாம்பலாச்சே" என்று மனைவி ஒதுக்கிய நிறம்தான், மரத்தின் ஒளியில் நல்ல பச்சையாக எழுந்து வந்தது.

ஹால். எந்தச் சுவருக்குப் பச்சை என்பதில்தான் நீண்ட பேச்சு. ஜன்னல் இருக்கும் சுவர் எப்போதும் நிழலில் இருக்கும். அதை அடர்நிறமாக்கினால் ஜன்னல் வெளிச்சம் இன்னும் கூசும். எதிர்ச்சுவர்தான் அறைக்கு ஒளியைத் திருப்பித் தருவது. அதில் பச்சை பூசினால் திரும்புவதும் பச்சை. ஆகவே பக்கச் சுவர் ஒன்றை மட்டும் எடுத்தோம், சாம்பல் கலந்த பச்சை, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை காட்டும் எல்.ஆர்.வி. என்ற எண் பெயிண்ட் விவரத்தாளில் இருக்கும். இதற்கு 45 அளவில். மற்ற மூன்று சுவரும் மஞ்சளும் சாம்பலும் துளி கலந்த வெள்ளை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பச்சைச் சுவருக்கு எதிரில் இருந்து எடுத்துவிட்டோம்.

பாசேஜ். வெளிர்பச்சை அடித்தால் வெளிச்சமாகும் என்று நினைத்திருந்தார்கள். ஒளியே இல்லாத இடத்தில் வெளிர்நிறம் திருப்பித் தருவதற்கு ஒன்றுமில்லை, மங்கலாகத்தான் தெரியும். ஒரு மீட்டர் உயரம் வரை பாசிப்பச்சை, மேலே வெள்ளை என்று பிரித்தோம். குழந்தையின் கை படும் உயரமும் அதுதான் என்பதால் கீழ்ப்பகுதிக்குச் சாட்டின். அடர்பச்சைகள் வெள்ளைப் பிரைமரின் மேல் எளிதில் மூடாது. சாம்பல் சாயம் சேர்த்த பிரைமர் அடித்தும் மூன்றாவது கோட் தேவைப்பட்டது. கதவுச் சட்டம், கைப்பிடிக் கம்பி, சுவிட்ச் பலகை மூன்றுக்கும் பின்னணியிலிருந்து எல்.ஆர்.வி. எண்ணில் குறைந்தது 30 வித்தியாசம் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பார்வை குறைந்தவர்களுக்கான கட்டட வழிகாட்டுதல்களில் உள்ள அளவு இது. இரவில் தாயார் தனியாக எழுந்து நடக்கும் பாதை என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சென்சார் விளக்கும் போட்டோம்.

படுக்கையறை. ஹாலில் மீந்த தளிர்ப்பச்சை டின்னை என்ன செய்வது என்று கேட்டபோது, கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அதையே அடிக்கச் சொன்னேன். கணவர் தயங்கினார். கிழக்கு வெயில் நேராக உள்ளே வரும் அறை, மரம் இல்லை, மற்ற மூன்று சுவரும் வெள்ளை. நிறம் ஏறுவதற்கு அங்கே வழியில்லை.

ஜன்னல் சட்டம். உரிந்த பகுதியை நீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, தரையில் பிளாஸ்டிக் விரித்து, கழிவைக் கட்டி எடுத்துப்போனார்கள். இந்த வேலை தெரிந்த ஆட்களைத் தனியாக வரவழைத்தோம். முடியும்வரை குழந்தையும் தாயாரும் உறவினர் வீட்டில் இருந்தார்கள். நன்றாக ஒட்டியிருந்த அடுக்குகளைத் தொடாமல், மேலே பிரைமரும் புதுப் பூச்சும் கொடுத்து மூடினோம்.

செடிகள். காற்றைச் சுத்தப்படுத்தும் என்றுதான் அத்தனை தொட்டிகளும் வாங்கப்பட்டிருந்தன. அந்த எண்ணம் 1989இல் வெளியான நாசா ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்யப்பட்டது. இப்படிப்பட்ட ஆய்வுகளின் தரவுகளை 2019இல் மறுபடி கணக்கிட்டவர்கள், சாதாரண அறைக்குள் காற்று வந்துபோவதால் நடக்கும் சுத்தத்தோடு ஒப்பிட்டால் தொட்டிச் செடியின் பங்கு மிகமிகச் சிறியது என்று காட்டினார்கள். பாசேஜில் இருந்தவை வெளிச்சமின்றி ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தன. ஊற்றிய தண்ணீர் வற்றாமல் மண்ணில் சிறு பூச்சிகள். அவற்றை எடுத்துவிட்டோம். மணிப்ளான்ட்டின் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினோம். ஜன்னலோரம் நன்றாக வந்த நான்கைந்து தொட்டிகள் மட்டும் மிஞ்சின.

## பிறகு நடந்தது

ஹாலில் தாயார் மாலையிலும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கினார். குளத்தின் பேச்சு அதன்பின் வரவில்லை. தளிர்ப்பச்சை படுக்கையறையில் அப்படியே பொருந்தியது. இரண்டு அறைகளையும் பார்த்த உறவினர் ஒருவர், இது அந்தப் பழைய டின்தான் என்பதை நம்ப மறுத்தார். திரைச்சீலையும் அந்த அறைக்கே போய்விட்டது. அங்கே அது சுவரை ஒட்டித் தொங்காததால் நிற வித்தியாசம் கண்ணில் படவில்லை.

எல்லாம் சரியாக அமையவில்லை. ஹாலின் மேட் சுவரில் குழந்தை மெழுகு வண்ணத்தால் கிறுக்கியது, துடைத்த இடம் பளபளப்பேறித் திட்டாக நிற்கிறது. அதன்மேல் பூசிப் பார்த்தார்கள், திட்டின் விளிம்பு தெரிந்தது. பாசேஜில் முதலில் போட்ட சென்சார் விளக்கு 3000 கெல்வின். அதில் பாசிப்பச்சை கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரிந்ததால் அதையும் 4000க்கு மாற்ற வேண்டியதாயிற்று.

சில மாதங்களில் தாயாருக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு ஹாலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிச் சுவரைப் பார்த்திருக்கிறார். புதுக்கண்ணுக்குச் சுவர் நீலம் கலந்த பச்சை. பழைய கண்ணுக்கு மஞ்சள் படிந்த பச்சை. "இவ்வளவு நாளா நீங்க பார்த்த பச்சை வேற, நான் பார்த்தது வேறயா?" என்று மருமகளிடம் கேட்டாராம். இரண்டாவது கண்ணுக்கும் சிகிச்சை ஆன பிறகு, சுவர் தனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரிகிறது, முன்பிருந்ததே பிடித்திருந்தது என்றார். நிறத்தை மாற்றவில்லை. அவருடைய நாற்காலிக்கு அருகே தனியாக ஒரு 3000 கெல்வின் விளக்கு வைத்ததில் திருப்தி.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. கட்டடத்தின் சார்பில் மரத்தைக் கவாத்து செய்தார்கள். ஜன்னல் பக்கம் கிளைகளே இல்லாமல் போயின. ஒரே நாளில் ஹாலின் மூன்று வெளிர் சுவர்களும் வெறும் வெள்ளையாகிவிட்டன, பச்சைச் சுவர் சாம்பலுக்கு இறங்கியது. மனைவி வருத்தத்தோடு அழைத்து, இன்னும் அழுத்தமான பச்சை அடிக்கலாமா என்றார். பொறுக்கச் சொன்னேன். அதுவரை சோபாவுக்குத் தளிர்ப்பச்சைக் குஷன்களும் ஒரு விரிப்பும் போட்டுக்கொண்டார்கள். இலைகள் மறுபடி அடர்ந்ததும் சுவரின் நிறம் திரும்பி வந்தது. அந்த ஹாலின் பச்சையில் பெரும்பங்கு மரத்துடையது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை யாரும் வைத்திருக்க முடியாது.

## அடுத்த வீட்டில் மாறுவது

ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால், அது இலை உதிர்க்குமா, எப்போது கவாத்து செய்வார்கள் என்று முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்கிறேன். இலையுள்ள நிலையிலும் இல்லாத நிலையிலும் தாங்கும் நிறமாகப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால், குறைந்தபட்சம் வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பல்பு மாற்றத்துக்கும் பெயிண்ட் தேர்வுக்கும் இடையில் இரண்டு வார இடைவெளி விடச் சொல்கிறேன். இந்த வீட்டில் விளக்கு மாறியதுமே கணவர் வெள்ளை கேட்பதை நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால், பாசேஜ் விளக்கின் பிசகும் பூசுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் எட்டும் உயரம் வரை முழு மேட் ஃபினிஷ் தருவதில்லை. மேட்டுக்கும் சாட்டினுக்கும் இடைப்பட்ட, துடைக்கத்தக்க ஃபினிஷ்கள் உண்டு. பளபளப்பு சற்றுக் கூடினாலும், ஜன்னல் பிம்பம் விழாத சுவருக்கு அது போதும்.

கண்புரை அறுவை சிகிச்சை எதிர்நோக்கி யாராவது இருந்தால், அவர் அதிகம் இருக்கும் அறையின் நிறத்தைச் சிகிச்சைக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்கிறேன். அவசரமென்றால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நிற்கும் நிறங்களை ஒதுக்கிவிடலாம். மஞ்சள் படிந்த வில்லைக்கும் தெளிந்த வில்லைக்கும் அவைதான் அதிகம் மாறித் தெரியும்.

பழைய மரச்சட்டமோ கதவோ உள்ள வீட்டில், எனாமல் செதிலைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை எந்த ஆளையும் உப்புத்தாளோடு உள்ளே விடுவதில்லை. நிறம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.